நாலு கட்டத்துப் பாட்டியை மேடை ஏற்றுவது எப்படி

என் அப்பா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தமிழ் நாளிதழ் ஒன்றின் ஞாயிறு பதிப்பில் நாலு கட்டப் படக்கதையும் வரைந்தார். தோட்ட எழுத்தரான கிராணி வேண்டாமென்று கழித்துப் போட்ட செக்ரோல் என்னும் வருகைப் பதிவுத் தாளின் பின்பக்கத்தில் வரைந்து பழகுவார். அச்சில் வந்தவற்றை வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார், மொத்தம் 143. அவர் போன பிறகு அதிலிருந்து ஒரு மேடை நாடகம், ஓர் ஒலி நாடகம், கைப்பேசியில் பார்க்கும் காணொளிகள் என்று மூன்றும் செய்து பார்த்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின் இருந்தால் நான் கற்றுக்கொண்டது உதவும்.

முதலில் உரிமை. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்தவர் இறந்த பிறகும் 50 ஆண்டுகளுக்கு உரிமை நீடிக்கும். ஆனால் அவர் பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தாரா, பத்திரிகை கேட்டு வரைந்து கொடுத்தாரா என்று பாருங்கள். அப்படியென்றால் உரிமை பத்திரிகையிடம் இருக்கலாம். அப்பா தானாக வரைந்து தபாலில் அனுப்பியவர். பத்திரிகை நின்றுபோனால் உரிமையும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பழைய கடிதங்களைத் தேடி எடுத்து வையுங்கள்.

அடுத்தது ஸ்கேன். செய்தித்தாளில் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரியும். வெட்டிய துண்டின் முதுகில் ஒரு கறுப்புத் தாளை வைத்து ஸ்கேன் செய்தால் அந்த நிழல் பெரும்பாலும் மறைந்துவிடும். கோட்டுச் சித்திரம் என்பதால் 600 டிபிஐ வையுங்கள்.

சரி, இனிதான் உண்மையான வேலை. ஒரு படக்கதையைச் சொல்கிறேன்.

முதல் கட்டம்: வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், இன்னும் விடியவில்லை, பாட்டி வானத்தைப் பார்க்கிறாள். இரண்டாவது: குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிய கிராணி, "மழையெல்லாம் வராது, போங்க வெட்டுக்கு" என்கிறார். மூன்றாவதில் எழுத்தே இல்லை. காலிக் களம், கறுத்த மேகம். நான்காவதில் கொட்டுகிற மழை. கிராணி நனைந்துகொண்டு நிற்கிறார், பாட்டி அவருடைய குடைக்குள் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறாள்.

குடை எப்படிக் கைமாறியது? அப்பா அதை வரையவில்லை. பார்க்கிறவர் மனத்தில் அது நடக்கிறது, சிரிப்பும் அங்கேதான் பிறக்கிறது.

எனக்கு இது புரியச் சில காலம் ஆனது. முதல் தடவை கோயில் மண்டபத்தில் போட்டபோது, பாட்டி கிராணியிடம் பேசிப் பேசிக் குடையை வாங்குவதாக மூன்று நிமிடக் காட்சி எழுதினேன். நடித்த பிள்ளைகள் நன்றாகத்தான் நடித்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த தடவை அந்தக் காட்சியை எடுத்துவிட்டேன். கிராணி பேசி முடித்ததும் விளக்கு அணைந்தது. இருட்டில் மழைச் சத்தம் மட்டும், மனத்துக்குள் நாலு எண்ணும் வரை. விளக்கு வந்ததும் பாட்டி குடைக்குள். மண்டபம் அதிர்ந்தது.

அதனால் வசனம் எழுத உட்காருமுன் ஒவ்வொரு படக்கதைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: இதில் எது வரையப்படவில்லை? எந்த ஊடகத்துக்குப் போனாலும் அதை மட்டும் காட்டிவிடாதீர்கள். மற்றதையெல்லாம் மாற்றலாம்.

ஒலி நாடகத்தில் குடையே தெரியாது, என்ன செய்வது? "ஐயோ, என் குடையை எடுத்துட்டியா" என்று கிராணியைப் பேசவைக்கத்தான் கை போகும். வேண்டாம். நாங்கள் விரித்த குடைக்குள் மைக்கை வைத்து, மேலே பச்சைப் பயறைத் தூவினோம். துணியில் சொட்டுகிற சத்தம் கிடைத்தது. பாக்குவெட்டி மைக்குக்குப் பக்கத்தில் 'நறுக்' என்கிறது. கிராணியின் குரல் மட்டும் குடைக்கு வெளியே, தள்ளி நின்று வருகிறது. கேட்கிறவர் பாட்டியோடு குடைக்குள் உட்கார்ந்திருக்கிறார். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நீளத்தையும் யோசிக்க வேண்டும். பத்து விநாடியில் படிக்கிற படக்கதை மேடையில் ஒரு நிமிடம் ஓடும். அதற்காக இருபது படக்கதையை வரிசையாக வைத்தால் இருபது நிமிட நாடகம் ஆகிவிடாது. ஐந்தாவது சிரிப்புக்குள் கூட்டம் களைத்துவிடும். ஒரே சரடு வேண்டும். நான் மழையை எடுத்துக்கொண்டேன். பட்டை நனைந்தால் பால் வெட்டிய கோட்டில் ஓடி, அதைப் பிடிக்கும் கிண்ணமான மங்கில் விழாமல் மரமெல்லாம் வழியும். அன்று வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அப்பாவின் மழைச் சிரிப்புக்கு அடியில் இருந்தது அந்தக் கூலிதான். டின்னில் மழைக் கதைகள் 31 இருந்தன. இலையுதிரும் மாசி பங்குனியில் தொடங்கி ஆண்டுக் கடைசி அடைமழை வரை அடுக்கினேன். நாடகம் தானாக நடந்தது.

காட்டாமல் விடுகிற விஷயத்தில் அமெரிக்கப் படக்கதை ஓவியர் சார்லஸ் ஷூல்ஸிடம் படிக்க நிறைய இருக்கிறது. 1950இல் தொடங்கிய அவருடைய 'பீனட்ஸ்' படக்கதை 1965இல் தொலைக்காட்சிக்கு அரை மணி நேரச் சித்திரப்படமாகப் போனது. அப்போது வழக்கமாகச் சேர்க்கும் பதிவுச் சிரிப்பொலிக்கு அவர் சம்மதிக்கவில்லை. படக்கதையில் பெரியவர்கள் முகம் காட்டுவதில்லை. பிறகு வந்த படங்களில் ஆசிரியை பேசும்போது டிராம்போன் ஒலிதான் வரும். அப்பாவின் படங்களிலும் தோட்ட நிர்வாகியான துரைக்கு முகம் கிடையாது, பூட்ஸும் ஜீப் சக்கரமும்தான். துரையாக நடிக்கப் பலர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. எங்கள் நாடகத்தில் துரை ஒரு ஜீப் ஹாரன்.

பேச்சை மாற்றாதீர்கள். இளைஞர்களிடம் வசனத்தைக் கொடுத்தால் சென்னைப் பட நகைச்சுவைபோல் பேசத் தொடங்கிவிடுவார்கள். பாட்டி "பசியாறிட்டியா" என்றுதான் கேட்பாள். மங்கு என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். வசனத்தில் விளக்கம் சொல்லாமல், ஒரு மங்கை மேடைக்குக் கொண்டுவாருங்கள். தோட்டங்கள் செம்பனையாக மாறிவிட்டாலும் வீட்டுக்குப் பின்னால் தேடினால் ஒன்று கிடைக்கும்.

காணொளிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசித் திரை நெடுக்காக இருக்கிறது, படக்கதை குறுக்காக ஓடுகிறது. நாலு கட்டத்தையும் சுருக்கித் திணிக்காமல் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். குரல் கொடுத்தால் பேச்சுக் குமிழை அழித்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்து வேண்டாம். கண் இமை, மழை என்று ஒன்றிரண்டு மட்டும் அசைந்தால் போதும். எழுத்தில்லாத மூன்றாவது கட்டத்தை அவசரப்பட்டு வெட்டாதீர்கள், முழுதாக இரண்டு விநாடி நிற்கட்டும்.

கடைசி ஒத்திகைக்கு, அந்த வேலையைச் செய்த ஒருவரைக் கூப்பிடுங்கள். நான் அம்மாவைக் கூப்பிட்டேன். முப்பது வருடம் மரம் வெட்டியவர். பாட்டி வேடம் போட்ட பெண் மரம் வெட்டும் உளியைக் கத்தி பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள். அம்மா நாற்காலியை விட்டு எழுந்து போய் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சரியாக வைத்தார். அப்புறம் தூணை மரமாக வைத்துக்கொண்டு, "இப்ப வெட்டு" என்றார்.