பெருக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி

ஒரு பகடையை நான்கு முறை உருட்டுகிறோம். ஒரு முறையாவது 6 விழ எவ்வளவு வாய்ப்பு? பலர் 1/6-ஐ நான்கு தடவை கூட்டி 4/6 என்று எழுதிவிடுவார்கள். அதே வழியில் ஏழு முறைக்குக் கணக்குப் போட்டால் 7/6 வரும். நிகழ்தகவு 1-ஐத் தாண்டவே முடியாது.

'ஒரு முறையாவது' என்று கேள்வியில் வந்தால், அது நடக்காமலே போகும் வாய்ப்பை முதலில் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு முறையும் 6 விழாமலிருக்க 5/6. நான்கையும் பெருக்கினால் 625/1296. 1-இலிருந்து கழித்தால் 671/1296, அதாவது சுமார் 0.518. இரண்டு பகடைகளை 24 முறை உருட்டி ஒரு முறையாவது இரட்டை ஆறு விழுவதற்கும், கூட்டிப் பார்த்தால் 24/36, அதே 4/6தான். உண்மையில் அது 0.491, பாதிக்கும் கீழே. இந்த வித்தியாசம் பற்றி 1654இலேயே கணித மேதை பாஸ்கல் இன்னொரு கணித மேதையான ஃபெர்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

அப்புறம், நாணயம். தொடர்ந்து ஆறு முறை தலை விழ வாய்ப்பு 1/64. ஆனால் ஐந்து தலை ஏற்கெனவே விழுந்துவிட்டதென்றால், ஆறாவதும் தலையாக இருக்க வாய்ப்பு 1/2தான். நடந்து முடிந்ததையும் சேர்த்துப் பெருக்கக் கூடாது.

சரி, இவையெல்லாம் மதிப்பெண் போகும் தவறுகள். நிகழ்ச்சிகள் சார்பற்றவைதானா, அதாவது ஒன்று நடப்பது மற்றதன் வாய்ப்பை மாற்றாமல் இருக்கிறதா என்று பார்க்காமலே பெருக்குவதுதான் என்னை உண்மையிலேயே கலங்க வைப்பது. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற தாயின் இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. அவர்தான் கொன்றார் என்று வழக்கு. அவர்களுடையதைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்க வாய்ப்பு 8,543இல் 1 என்றும், இரண்டும் அப்படி இறக்க 7.3 கோடியில் 1 என்றும் 1999இல் ஒரு மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். 8,543-ஐ அதே எண்ணால் பெருக்கியிருந்தார், அவ்வளவுதான். ஒரே பெற்றோர், ஒரே வீடு, பொதுவான மரபணுக்கள் இருக்கும்போது இரண்டு மரணங்களும் எப்படிச் சார்பற்றவை ஆகும்? முதல் குழந்தை இறந்த வீட்டில் இரண்டாவதும் இறக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைத் தனியாகக் கண்டறிந்து, அதைக் கொண்டுதான் பெருக்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று: 7.3 கோடியில் 1 என்பது அவர் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பும் அல்ல. ஒரு தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மிக அரிதுதானே. அந்த இரண்டு அரிதுகளையும் ஒப்பிட்டிருக்க வேண்டும். 2001இல் ராயல் புள்ளியியல் சங்கம் இந்தக் கணக்கைக் கண்டித்து அறிக்கை விட்டது. மறைந்திருந்த மருத்துவச் சான்று ஒன்றும் வெளிவந்தபின், 2003 ஜனவரியில் சாலிக்கு விதிக்கப்பட்டிருந்த தண்டனை ரத்தானது. அதற்குள் அவர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்.