அடைத்த உணவை மக்கள் நம்ப என்ன செய்ய வேண்டும்: பழைய ஆலைகளின் வேலைமுறை

டின்னில் அடைத்த உணவின் முதல் சிக்கல், உள்ளே இருப்பது வாங்குபவர் கண்ணில் படாது என்பதுதான். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இதைச் சமாளித்தவர்கள் செய்த சில காரியங்கள் இன்றைய சிறு ஆலைக்கும் அப்படியே பொருந்தும்.

அடைத்த சரக்கை உடனே அனுப்பாதீர்கள். லண்டனில் டோன்கின் நிறுவனம் தன் டின்களைச் சுமார் 32 முதல் 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மாதம் வைத்திருந்துதான் வெளியே விட்டது. வேக்காடு போதாத டின்னில் கிருமி பெருகி வாயு சேரும், மூடி உப்பும். நல்ல டின்னின் மூடி சற்றுக் குழிந்திருக்கும். சுடச்சுட அடைத்தது ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாவதால். விரலால் அழுத்துங்கள். 'டக்'கென்று திரும்பி எழும்பினால் காரணம் தெரியும்வரை அந்த பேட்ச் முழுவதையும் நிறுத்துங்கள். உப்பியதை மட்டும் பொறுக்கிவிட்டு மீதியை அனுப்புவது சூதாட்டம்.

உப்பாத டின் எல்லாம் நல்ல டின் என்றும் எண்ணிவிடக் கூடாது. புளிப்பு குறைந்த, அதாவது பிஎச் 4.6க்கு மேலுள்ள காய்கறி, இறைச்சிக்குக் கொதிநீர் போதாது. போட்டுலிசம் என்னும் கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்து அதில் பிழைத்துக்கொள்ளும். நீராவி அழுத்தத்தில் 121 டிகிரி, குறைந்தது 3 நிமிடம். இந்தக் கணக்கு டின்னின் நடுப்பகுதிக்கு, வேகவைக்கும் அழுத்தக் கலனின் மீட்டருக்கு அல்ல.

டின் அளவை மாற்றினால் நேரத்தையும் மாற்றுங்கள். 1852இல் பிரிட்டிஷ் கடற்படை, ஒப்பந்ததாரர் கோல்ட்னர் கொடுத்த இறைச்சி டின்களில் 306ஐத் திறந்தது, தேறியவை 42. பெரிய டின்களின் நடுவரை சூடு எட்டாததே காரணம் என்பார்கள். டின் உணவின் பெயரே அதனால் கெட்டது.

புட்டி என்றால் நிறமில்லாத கண்ணாடி. 1869இல் அமெரிக்க வியாபாரி ஹைன்ஸ், குதிரைமுள்ளங்கி என்ற காரமான வேரின் துருவலை அப்படித்தான் விற்றார். மற்றவர்கள் நிறக்கண்ணாடிக்குள் மலிவான டர்னிப் கிழங்கைக் கலந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும், ஆகவே அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

'பதனப்பொருள் சேர்க்கவில்லை' என்று லேபிளில் போடுமுன் செய்முறையைத் திருத்துங்கள். கெச்சப்பில் சோடியம் பென்சோயேட் என்ற பதனப்பொருளைக் கைவிட்டபோது ஹைன்ஸ் நிறுவனம் நன்கு பழுத்த தக்காளியைத் தேர்ந்தெடுத்து வினிகர், சர்க்கரையைக் கூட்டியது. அதைச் செய்யாமல் பென்சோயேட்டை மட்டும் எடுத்தால், திறந்த புட்டி சீக்கிரமே நுரைக்கும்.