அடர்த்தியைக் கொண்டு வாயுக்களின் விரவல் வேகத்தை ஒப்பிடுவது எப்படி?

வெப்பநிலையும் அழுத்தமும் ஒன்றாக இருக்கும்போது, வாயு விரவும் (அதாவது மற்றொரு வாயுவுக்குள்ளோ நுண்துளைகள் வழியாகவோ பரவும்) வேகம் அதன் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது, ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரகாம் 1833-இல் வெளியிட்ட விதி. இக்கணக்குகளில் பெரும்பாலும் பிழை நேருவது, எந்த வாயுவின் அடர்த்தியை மேலே எழுதுவது, எதைக் கீழே எழுதுவது என்பதில்தான். ஆகவே எண்களைத் தொடுமுன், இலேசான வாயு எது என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். விடையில் அதுவே வேகமானதாக வர வேண்டும்.

கிரகாமின் சோதனையைப் புரிந்துகொண்டால் விதி மனத்தில் நிற்கும். கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைப் பாரிஸ் சாந்தால் அடைத்து, உள்ளே ஹைட்ரஜனை நிரப்பி, திறந்த முனையை நீரில் நிறுத்தினால், சாந்தின் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே வருவதைவிட விரைவாக ஹைட்ரஜன் வெளியேறுவதால் குழாய்க்குள் நீர் ஏறும். அப்படியே ஏறவிட்டால் உள்ளழுத்தம் குறைந்து ஒப்பீடு கெட்டுவிடும் என்பதால், உள்ளும் புறமும் நீர்மட்டம் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முடிவில், உள்ளே வந்த காற்றின் ஒரு பங்குக்கு வெளியேறிய ஹைட்ரஜன் ஏறத்தாழ 3.8 பங்கு இருந்தது. காற்று ஹைட்ரஜனைவிடச் சுமார் 14.4 மடங்கு அடர்த்தியானது. அதன் வர்க்கமூலம் 3.79.

இப்போது நீங்களே ஒன்றைச் செய்யலாம். 0 டிகிரி செல்சியசில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஆக்சிஜனின் அடர்த்தி லிட்டருக்கு 1.429 கிராம், ஹைட்ரஜனுடையது 0.0899 கிராம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 15.9, வர்க்கமூலம் கண்டால் ஹைட்ரஜன் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக விரவும் என்று கிடைக்கும். சம வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் அடர்த்தி மோலார் நிறைக்கு (ஒரு மோல் வாயுவின் நிறை, கிராமில்) நேர்விகிதத்தில் இருப்பதால், ஆக்சிஜனின் 32-ஐயும் ஹைட்ரஜனின் 2-ஐயும் வைத்தும் இதே விடையைப் பெறலாம். அட்டவணையிலிருந்து அடர்த்தியை எடுப்பதானால், இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு உரியவைதாமா என்று பாருங்கள்.

வேகத்துக்குப் பதிலாக நேரம் தரப்பட்டால் விகிதம் தலைகீழாகும். ஒரே நுண்துளை வழியே, சம கனஅளவு ஆக்சிஜன் வெளியேற 60 விநாடியும் பெயர் தெரியாத வாயு வெளியேற 85 விநாடியும் ஆகின்றன என்று கொள்வோம். 85-ஐ 60-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, 32-ஆல் பெருக்கினால் 64.2 வரும், அது சல்பர் டைஆக்சைடாக இருக்கலாம்.

பள்ளிகளில் அம்மோனியாவையும் ஹைட்ரஜன் குளோரைடையும் நீண்ட குழாயின் இரு முனைகளிலிருந்து விரவவிட்டு, அவை சந்தித்து வெண்ணிற வளையம் தோன்றும் இடத்தை அளப்பார்கள். அம்மோனியா முந்துவதைக் காட்ட இது அருமையான சோதனை. ஆனால் விதி சொல்லும் 1.46 என்ற விகிதத்தை இதில் எதிர்பார்க்கக்கூடாது, ஏனெனில் இரு வாயுக்களும் வழியெங்கும் காற்று மூலக்கூறுகளோடு மோதிக்கொண்டே செல்கின்றன.

அடர்த்திகள் நெருங்கியிருந்தால் தசம இலக்கங்களைச் சுருக்காதீர்கள். யுரேனியம் 235, 238 ஆகிய இரு ஐசோடோப்புகளின் (அணுநிறையில் மட்டும் வேறுபடும் வகைகளின்) ஹெக்சாஃபுளோரைடு வாயுக்களுக்கு மோலார் நிறை 349, 352. வேக விகிதம் 1.0043 மட்டுமே. இதை 1.00 என்று எழுதினால் இரண்டையும் பிரிக்கவே முடியாது என்றாகிவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆலையிலோ, அந்த நூலிழை வேறுபாட்டை ஆயிரக்கணக்கான படிநிலைகளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி யுரேனியத்தைச் செறிவூட்டினார்கள், அதாவது அதில் யுரேனியம் 235-இன் பங்கைக் கூட்டினார்கள்.