சருகு ஏன் மக்காமல் கிடக்கிறது? தோட்டக் கழிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி பிறந்ததும் வேம்பு இலையைக் கொட்டத் தொடங்கிவிடும். கூட்டி அள்ளி மூலையில் போட்டு, ஆறு மாதம் கழித்துக் கிளறினாலும் சருகு சருகாகவே இருக்கும். 'இது மக்கவே மக்காது' என்று சலித்துப்போய்த் தீக்குச்சியைக் கிழித்துவிடுகிறார்கள். சருகின் மேல் குற்றமில்லை, போட்ட விதத்தில்தான் கோளாறு.

முதலில் தீயைப் பற்றி. எரித்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) பெரும்பாலும் புகையோடு போய்விடும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) போன்ற சில சத்துகள்தான் மிஞ்சும். அந்தப் புகை பக்கத்து வீட்டு ஆஸ்துமாக்காரருக்கு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது.

மக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான்: குவியல் சிறியது, அல்லது காய்ந்தது. குவியல் தன் சூட்டைத் தானே பிடித்து வைத்துக்கொள்ள நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தது 3 அடி வேண்டும். 10 அடி நீளம், 4 அடி உயரக் கம்பிவலையை வளைத்துக் கட்டினால் விட்டம் 3 அடிக்குச் சற்றுக் கூடுதலாக வரும். வீட்டுக்கு அது போதும். நாலு பக்கமும் காற்று புகும். சிமென்ட் தொட்டியில் அந்த வசதி கிடையாது.

ஈரம் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். மாவிலையிலும் பலா இலையிலும் மெழுகுப் பூச்சு உண்டு. மேலே குழாயைப் பிடித்தால் தண்ணீர் வழிந்து தரைக்குப் போய்விடும், உள்ளே உலர்ந்தே இருக்கும். சருகை மிதித்து நொறுக்கி, டிரம்மில் ஓர் இரவு ஊறவைத்த பிறகு அடுக்குங்கள். ஒரு பிடி அள்ளி இறுகப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம், கை ஈரமே ஆகாவிட்டால் போதாது. காய்ந்த குவியலைக் கரையான்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

சருகை மட்டும் குவிப்பது அடுத்த தவறு. நுண்ணுயிர்களுக்குக் கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்கு என்றால் தழைச்சத்து 1 பங்கு வேண்டும். சருகில் தழைச்சத்து அதைவிடக் குறைவு. மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சை போடுங்கள்: வெட்டிய புல், முருங்கைத் தழை, காய்கறித் தோல் எதுவானாலும் சரி. அரையடிக்கு ஓர் அடுக்கு. ஒவ்வோர் அடுக்கின் மேலும் ஒரு கிலோ சாணத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். இதைச் செய்தால் கடையில் விற்கும் பொடி எதுவும் தேவைப்படாது. சுண்ணாம்பைத் தூவ வேண்டாம். தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

நாலைந்து நாளில் கடப்பாரையைக் குவியலின் நடுவில் இறக்கிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். நுனியைக் கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் வேலை நடக்கிறது. 55 டிகிரி செல்சியஸ் மூன்று நாளாவது நின்றால்தான் களை விதைகள் சாகும். ஓரத்தில் அந்தச் சூடு வராது, அதனால் பத்து நாளுக்கு ஒருமுறை வெளியில் இருப்பதை உள்ளே தள்ளிப் புரட்ட வேண்டும். புரட்டும்போது மூத்திர நெடி அடித்தால் பச்சை அதிகம், சருகு சேருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லை. உள்ளே சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துப் பொடியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை.

ஐப்பசி மழைக்குப் பயந்து தார்ப்பாயை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டாதீர்கள். உச்சியை மட்டும் மூடுங்கள். குழிக்குள் போட்டிருந்தால் மழைநீர் தேங்கி அழுகிவிடும். மழை அதிகமுள்ள ஊரில் தரைக்கு மேலே குவிப்பதே நல்லது.

கோரைக்கிழங்கை அப்படியே போட்டால் உரத்தோடு தோட்டம் முழுக்கப் பரவும். சிமென்ட் தரையில் ஒன்றிரண்டு வாரம் வெயிலில் சுருங்கக் காயவைத்த பிறகே சேருங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்கினால் குவியலில் போடலாம், பூத்தது வேண்டாம். வேர்முடிச்சு கண்ட தக்காளி, கத்தரி வேர்களும் உள்ளே வரக் கூடாது. தென்னை மட்டையின் தடித்த அடிப்பகுதி இந்த வேகத்தில் மக்காது. அதைத் தனியே வெட்டி வையுங்கள். ஓலையைக் கையளவு துண்டாக்கிப் போடலாம்.

தென்னை வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. வருடக்கணக்கில் கிளறாமல் கிடக்கும் எருக்குவியல்தான் காண்டாமிருக வண்டின் பிரசவ அறை. புரட்டும்போது பழுப்புத் தலையோடு, அரைவட்டமாகச் சுருண்டு, விரல் தடிமனில் வெள்ளைப் புழு கிடந்தால் பொறுக்கிக் கொன்றுவிடுங்கள். விட்டால் வண்டாகிக் குருத்தைத் துளைக்கும். பிறகு விரியும் ஓலை விசிறி போல வெட்டுப்பட்டு வரும். புழு வளர்ந்து வண்டாகப் பல மாதங்கள் ஆகும். இரண்டு மூன்று மாதத்தில் உரத்தை எடுத்துவிட்டால் அதற்கு அவகாசமே கிடைக்காது. புழு அதிகமாக இருந்தால் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தைக் கலந்துவிடலாம்.

கழிவோடு கொட்டாங்குச்சியையும் பாளையையும் மல்லாக்கப் போட்டு வைப்பது டெங்குக் கொசுவுக்குத் தொட்டில் கட்டுவது போலத்தான். தேங்கிய நீரில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கவிழ்த்துப் போடுங்கள், அல்லது உடைத்துவிடுங்கள்.

கடைசியாக, அவசரம். கறுத்துவிட்டது என்பதற்காக அள்ளிச் செடிக்குப் போட்டால், பாதி மக்கிய உரம் மண்ணில் உள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளடிக்கும். சந்தேகம் இருந்தால், பாதி உரம் பாதி மண் கலந்த தொட்டியில் இருபது வெந்தயமும், வெறும் மண் தொட்டியில் இருபதும் ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் இரண்டும் ஒன்றுபோல் முளைத்திருந்தால் உரம் தயார். சல்லடையில் சலித்து எடுங்கள். மேலே நிற்கும் குச்சியும் கட்டியும் அடுத்த குவியலின் அடியில் போகட்டும், அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரே புதிய சருகுக்கு உறைமோர்.