ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: திராவிடர்களோடு முதல் 11 நிமிடம்

ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு கேம்பெய்ன் (கதைத் தொடர் ஆட்டம்) இருக்கிறது என்று கேள்விப்பட்டு இந்தக் கணினி விளையாட்டை வாங்குகிறவர்கள் நிறைய. வாங்கியதும் நேராக அதைத் திறந்து, கால் மணி நேரத்தில் ஊர் எரிந்து, மூடிவைத்துவிடுகிறார்கள். அந்த கேம்பெய்ன் அடிப்படை தெரிந்தவர்களுக்கானது. முதலில் தனி மேப்பில் ஃப்யூடல் ஏஜ் (ஊர் வளர்ந்து எட்டும் இரண்டாவது காலகட்டம்) வரை தடுமாறாமல் போகப் பழகுங்கள். கடாரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எதை வாங்குவது

2019-ல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன்தான் வேண்டும். 1999-ன் பழைய பதிப்பில் திராவிடர்கள் என்ற அணியே கிடையாது. அவர்கள் 2022-ல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பில் இருக்கிறார்கள். அதைத் தனியாக வாங்க வேண்டும். இப்போதைக்கு வேண்டாம் என்றால் பிரிட்டன்களை எடுங்கள். அவர்களுக்கு ஆட்டிறைச்சி 25% வேகமாகச் சேரும், கீழே உள்ள வரிசையும் அப்படியே பொருந்தும்.

மேப் அரேபியா, எதிரி ஒரே ஒரு ஏஐ, கடினம் ஸ்டாண்டர்ட். ஈஸியெஸ்ட் வைத்தால் எதிரி தூங்கிக்கொண்டிருப்பான், எதுவும் கற்க முடியாது. ஆட்டம் தொடங்கியதும் எஃப்11 அழுத்தினால் நேரம் தெரியும். நான் சொல்லும் நேரமெல்லாம் அந்தக் கடிகாரப்படிதான். நார்மல் வேகத்தில் அது நிஜ நேரத்தைவிட 1.7 மடங்கு விரைவாக ஓடும். 25 விநாடியில் வர வேண்டிய வில்லேஜர் (வேலையாள்) 15 விநாடியில் வந்துவிட்டாரே என்று குழம்ப வேண்டாம்.

தொடக்கம்

கையில் 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல். ஆட்கள் மூன்று வில்லேஜரும் வேவு பார்க்கும் ஒரு ஸ்கவுட்டும். ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டர் தாங்குவது 5 பேரை. அதாவது ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம் பாக்கி.

எச் அழுத்தி டவுன் சென்டரைப் பிடித்து, க்யூ விசையை நான்கு முறை தட்டுங்கள். ஒரு வில்லேஜருக்கு 50 உணவு; 200-ம் காலி. உடனே இரண்டு பேரை வைத்து ஒரு வீடு, முடிந்ததும் அதே இருவர் இன்னொரு வீடு. வீட்டுக்கு 25 மரம், 5 பேருக்கு இடம். மூன்றாமவர் ஆட்டிடம் போகட்டும். ஸ்கவுட்டை ஷிஃப்ட் அழுத்தியபடி ஊரைச் சுற்றி வட்டமாகக் கிளிக் செய்துவிடுங்கள். பக்கத்தில் நான்கு ஆடுகள் இருக்கும், இன்னும் நான்கு இரண்டிரண்டாகச் சற்றுத் தள்ளி நிற்கும். ஆட்டோ ஸ்கவுட் பொத்தானும் உண்டு. ஆரம்பத்தில் அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆடுகளை டவுன் சென்டரின் ஓரத்துக்கே ஓட்டிவந்து ஒவ்வொன்றாக வெட்டுங்கள். வெட்டிய இறைச்சி கெட்டுக்கொண்டே போகும்.

ஆட்களைப் பிரிப்பது

முதல் 6 பேர் ஆட்டில். 7-ஆவது ஆள் மரத்தோரம் லம்பர் கேம்ப் என்ற மரக் கிடங்கு (100 மரம்) போடுவார், 10 வரை அங்கேயே. டவுன் சென்டரைப் பிடித்து மரத்தின்மேல் வலது கிளிக் செய்துவைத்தால் புதிதாக வருகிறவர் தானே போய்விடுவார்.

10 பேர் ஆனதும் டவுன் சென்டரில் லூம் ஆராய்ச்சி; வில்லேஜரின் உயிரைக் கூட்டுவது. 50 தங்கம், 25 விநாடி. தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதை ஃப்யூடலுக்குப் போகும் நேரத்துக்குத் தள்ளிவைப்பார்கள். புதியவர்கள் அவர்களைப் பார்த்துச் செய்யக் கூடாது. காரணம் அடுத்து வருகிறது.

காட்டுப்பன்றி

பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள். ஒரு பன்றியில் 340 உணவு, மூன்றரை ஆட்டுக்குச் சமம். உங்கள் பக்கம் இரண்டு பன்றிகள் இருக்கும். தொலைவில் கொன்றால் இறைச்சியைச் சுமந்து நடப்பதிலேயே நேரம் போய்விடும், அதனால் டவுன் சென்டர் வரை இழுத்து வர வேண்டும். அதற்கு உயிர் 75, ஒரு அடிக்கு 7. வில்லேஜருக்கு உயிர் 25, லூமுக்குப் பிறகு 40. லூமோடு அவருக்குக் கொஞ்சம் கவசமும் கிடைக்கும். 25 உயிரோடு போனால் நான்கே அடி. ஒரு தவறான கிளிக் போதும்.

புதிதாக வந்த 11-ஆவது ஆளை அனுப்புங்கள். அவர் கையில் எதுவும் இருக்காது. பன்றியின் மேல் வலது கிளிக். இரண்டு அம்பு விட்டதும், டவுன் சென்டருக்கு இந்தப் பக்கத்துத் தரையில் கிளிக் செய்து ஓடவிடுங்கள். பன்றி பின்னாலேயே வரும்.

இப்போது முக்கியமான இடம். ஆட்டை வெட்டிக்கொண்டிருக்கும் 6 பேரும் பன்றியைக் கண்டு தாமாகக் கை ஓங்க மாட்டார்கள். பன்றி டவுன் சென்டர் நிழலுக்குள் வந்ததுமே அவர்களைச் சுட்டியால் கட்டமிட்டுப் பிடித்து, பன்றியின்மேல் வலது கிளிக் செய்ய வேண்டும். "கொண்டுவந்துவிட்டேன், ஆனாலும் ஆள் செத்துவிட்டார்" என்பவர்கள் எல்லோரும் விட்டது இந்த ஒரு கிளிக்கைத்தான்.

வழியிலேயே உயிர் 10-க்குக் கீழே போய்விட்டால், ஆல்ட் அழுத்தியபடி டவுன் சென்டரில் வலது கிளிக் செய்து ஆளை உள்ளே விடுங்கள். மற்றவர்கள் அதே நொடியில் அடிக்கத் தொடங்காவிட்டால் பன்றி திரும்பிப் போய்விடும். ஆட்களை உள்ளே அடைத்து டவுன் சென்டரின் அம்பால் பன்றியைக் கொல்லும் யோசனை வேண்டாம். கட்டடமோ படைவீரரோ கொன்ற விலங்கில் இறைச்சி எடுக்க முடியாது, 340-ம் போச்சு. ஸ்கவுட்டால் மானை வெட்டினாலும் இதே கதி.

முதல் பன்றியில் 130 அளவு மிச்சமிருக்கும்போது இரண்டாவதற்குப் போங்கள். போகிறவர் வேறொருவராக இருக்கட்டும். முதல் ஆளின் காயம் தானாக ஆறாது.

24 பேர் வரை

12-ஆவது ஆள் ஒரு வீடு, பிறகு பெர்ரிச் செடிகளோரம் மில் என்ற உணவுக் கிடங்கு (100 மரம்). 13, 14, 15 அவரோடு. 16, 17, 18 டவுன் சென்டர் இறைச்சிக்கு. 19 முதல் 24 வரை மரம், வேறு ஒரு காட்டோரத்தில் இரண்டாவது லம்பர் கேம்ப். இறைச்சியில் 10, பெர்ரியில் 4, மரத்தில் 10 என்று நிற்கும்.

இடையில் வீட்டை மறக்காதீர்கள். எண்ணிக்கையில் ஸ்கவுட்டும் சேரும் என்பதால் 13 வரும்போது ஒன்று, 18-ல் ஒன்று, 23-ல் ஒன்று. முற்றுப்புள்ளி விசையை அடிக்கடி தட்டுங்கள்; சும்மா நிற்கும் ஆளை அது காட்டிக்கொடுக்கும்.

கணக்கு இதுதான்: 21 புதிய ஆட்கள், ஒருவருக்கு 25 விநாடி, கூட லூம். டவுன் சென்டர் ஒரு நொடியும் நிற்காவிட்டால் 9:10-க்கு ஃப்யூடல் பொத்தானை அழுத்தலாம், 500 உணவு. மாற 130 விநாடி, ஆக 11:20. உங்களுக்கு 13:00 ஆகிறதென்றால் பெரும்பாலும் டவுன் சென்டர்தான் எங்கோ சும்மா நின்றிருக்கிறது. வீடில்லாமலோ 50 உணவில்லாமலோ நின்ற நேரம் அது. பொத்தான் மங்கலாகத் தெரிந்தால் மில், லம்பர் கேம்ப் இரண்டும் கட்டி முடிந்ததா பாருங்கள். வீடு அந்தக் கணக்கில் சேராது.

மாறும்போதும் மாறிய பிறகும்

அந்த 130 விநாடியில் காலாட்படைக்கான பாரக்ஸ் (175 மரம்) கட்டிவிடுங்கள். ஃப்யூடல் வந்ததும் திராவிடர்களுக்கு 200 மரம் இலவசம். அதில் ஆர்ச்சரி ரேஞ்ச், அதுவும் 175. இந்த அணியின் ஸ்கர்மிஷர்கள் (ஈட்டி எறிபவர்கள்) 25% வேகமாக எறிவார்கள், ஒருவருக்கு 25 உணவும் 35 மரமும்தான். தங்கமே தேவையில்லை. லம்பர் கேம்பில் மரவெட்டை வேகமாக்கும் டபுள் பிட் ஆக்ஸ் ஆராய்ச்சி தள்ளிப்போடக் கூடாத ஒன்று. ஆடு, பன்றி தீர்ந்த ஆட்களை ஒவ்வொருவராகப் பண்ணைக்கு மாற்றுங்கள், ஒரு பண்ணை 60 மரம்.

குதிரைப்படை ஆசை வேண்டாம். திராவிடர்களுக்கு நைட் என்ற கவசக் குதிரைவீரர் வரிசையே இல்லை. இவர்களின் பலம் காலாட்படையும் யானையும் கப்பலும். பாரக்ஸ் ஆராய்ச்சிகள் பாதி விலை. கடைசிக் கட்டத்தில் வூட்ஸ் ஸ்டீல் ஆராய்ச்சியை எடுத்தால் எதிரியின் கவசம் உங்கள் காலாட்படைக்கு இல்லாத மாதிரிதான். விளையாட்டுக்காக மிகைப்படுத்தியது என்றாலும் அடித்தளம் உண்மை; ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகுத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. உறுமி என்ற சுருள்வாள் ஏந்திய வீரர்களைக் கோட்டையிலிருந்து எடுக்கலாம். சுருள்வாள் கேரளக் களரியில் இன்றும் சுழல்வது, அதைச் சோழர் படையின் அடையாளமாக்கியது எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை.

பின்சேர்க்கை

பன்றி மட்டும் பிடிபடவில்லை என்றால் முழு ஆட்டம் ஆட வேண்டாம். 3:20 வரை ஆடி சேவ் செய்துகொண்டு, அந்த இடத்தையே திரும்பத் திரும்ப லோட் செய்து பழகுங்கள். ஆர்ட் ஆஃப் வார் பகுதியில் எர்லி எகானமி என்ற பயிற்சியும் இருக்கிறது, பதக்கம் கொடுப்பார்கள்.

விலைகளும் உயிர் எண்களும் பேட்ச் வரும்போது மாறக்கூடும். மேலே உள்ள எண் திரையோடு ஒத்துப்போகாவிட்டால் திரையை நம்புங்கள்.

ஸ்டாண்டர்ட் ஏஐயைத் தொடர்ந்து மூன்று முறை வென்ற பிறகு மாடரேட். அதையும் வென்றால் ராஜேந்திரனைத் திறக்கலாம்.