ஒற்றை மூலக்கூறின் வடிவம்: நுண்ணோக்கிப் படங்களைத் தானியங்கியாகப் பகுக்கும் வழி

மாதிரியை உறைய வைத்து எலக்ட்ரான்களால் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியைத் தேடித் திருநெல்வேலியிலிருந்து பெங்களூரு போன்ற ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஆனால் அது எடுத்த படங்களைப் பகுத்து ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறியும் பணியை, நல்ல கிராஃபிக்ஸ் அட்டை பொருத்திய லினக்ஸ் கணினி ஒன்று இருந்தால் அபிஷேகப்பட்டியிலோ பாளையங்கோட்டையிலோ இருந்தபடியே பழகலாம்.

பழகுவதற்கு ‘எம்பியார்’ பொதுக் காப்பகத்தின் 10204ஆம் பதிவு பொருத்தமானது. அதிலுள்ள பீட்டா-காலக்டோசிடேஸ் நொதியின் படங்களிலிருந்து 24 மூவிகள் (ஒரே இடத்தை அடுத்தடுத்து எடுத்த படத் தொடர்கள்), இலவச மென்பொருளான ரிலையானின் பயிற்சிக்கெனத் தனியே தொகுக்கப்பட்டுள்ளன. பிக்சல் அளவு 0.885 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), மின்னழுத்தம் 200 கிலோவோல்ட், வில்லையின் குறையான கோளப் பிறழ்ச்சி 1.4 மில்லிமீட்டர் ஆகியவற்றைப் பதிவு செய்யும்போது இருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிக்சல் அளவு பிசகினால் இறுதியில் கிடைக்கும் முப்பரிமாண வரைபடம் முழுவதும் அளவு மாறிவிடும், பின்வரும் படிகளில் எதுவும் அதை எடுத்துச் சொல்லாது.

ரிலையான் 4.0 முதல் ‘ஸ்கீம்’ என்ற வசதி, வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓட்டுகிறது. படமெடுக்கையில் நேர்ந்த அசைவைத் திருத்துவதும், நுண்ணோக்கியின் வில்லையும் குவியமும் படத்தை எப்படி மாற்றியுள்ளன என்று காட்டும் சி.டி.எஃப். கணிப்பும் முதல் பகுதி. இவற்றைக் கணினியிடம் தயங்காமல் ஒப்படைக்கலாம். கோடையில் மின்சாரம் போய்வரும் நம் ஊரில் யு.பி.எஸ். இல்லாமல் இரவு முழுவதும் ஓட விட வேண்டாம் என்றாலும், தடைபட்ட வேலையைத் தொடரச் சொன்னால் முடிக்காத படங்களை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும் என்பது ஆறுதல். சி.டி.எஃப். பொருத்தம் 6 ஆங்ஸ்ட்ராமைவிட மோசமான படங்களைக் கழிப்பதாகத் தொடங்கி, கழிந்தவற்றில் சிலவற்றையாவது திறந்து பாருங்கள்: பனிப்படிகங்களின் கரும்புள்ளிகளோ, மாதிரியைத் தாங்கும் கரிப்படலத்தின் விளிம்போ தெரிந்தால் வரம்பு சரியாகவே வேலை செய்கிறது.

படங்களில் தெரியும் தனித்தனி மூலக்கூறுகளை, அதாவது துகள்களை, தேர்ந்தெடுப்பதில்தான் தானியக்கத்தின் ஆபத்து முழுவதும் இருக்கிறது. மாதிரி வடிவம் ஒன்றைக் கொடுத்து அதைப் போன்றவற்றைத் தேடச் சொன்னால், வெறும் இரைச்சலிலும் கணினி அதையே கண்டெடுத்துத் தரும். ஐன்ஸ்டைனின் புகைப்படத்தை மாதிரியாக வைத்து, இரைச்சல் மட்டுமே உள்ள 1000 படங்களை ஒழுங்குபடுத்திச் சராசரி எடுத்தபோது அவர் முகமே மீண்டும் தோன்றியது. ஆகவே முதல் சுற்றில் மாதிரி எதுவும் தராமல், 150 முதல் 180 ஆங்ஸ்ட்ராம் விட்டமுள்ள புள்ளிகளை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அவற்றை இருபரிமாண வகைகளாகப் பிரிப்பது சொளகில் புடைப்பது போன்றது. நல்ல துகள்களின் சராசரிகள் கூர்மையாகத் தங்கும், மங்கலானவற்றை நாம் தள்ளிவிடலாம். தேறிய துகள்களைக் கொண்டு கற்றுக்கொண்டு துகள்களைத் தேடும் ‘டோபாஸ்’ நிரலைப் பயிற்றுவித்து இரண்டாம் சுற்றை ஓட்டலாம். வகைகளைத் தரம்பிரிக்கவும் ரிலையானில் தானியங்கி உண்டு. ஆயினும் அரிதாகத் தென்படும் பக்கவாட்டுத் தோற்றங்களை அது குப்பையென்று ஒதுக்கக்கூடும் என்பதால், இந்த ஓரிடத்தில் ஓட்டத்தை நிறுத்திக் கண்ணால் பார்ப்பதே என் வழக்கம்.

முப்பரிமாணத் தொடக்க வரைபடத்தைச் சமச்சீர் எதுவும் திணிக்காமல் உருவாக்கி, நான்கு சங்கிலிகளின் அமைப்பு தானாகத் தெரிந்த பிறகே, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அச்சுகளில் அரைச் சுற்று சுழற்றினாலும் உரு மாறாத டி2 சமச்சீரைச் சேர்க்க வேண்டும். செம்மையாக்கத்தில் துகள்கள் இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே கணிக்கப்படுகின்றன. இரண்டின் ஒப்புமை வளைவு 0.143க்கு இறங்கும் இடமே பிரிதிறனாக, அதாவது வரைபடத்தில் நம்பத்தக்க மிகச் சிறிய நுணுக்கத்தின் அளவாக, கொள்ளப்படுகிறது. மூலக்கூறைச் சுற்றி வரையும் எல்லையான முகமூடியை இறுக்கமாக வரைந்தால் பிரிதிறன் உள்ளதைவிட மேம்பட்டதாகப் பொய்யாகத் தெரியும் என்பதால், எண்ணை மட்டும் நம்பாமல் சைமராஎக்ஸ் என்ற முப்பரிமாணக் காட்சி மென்பொருளில் வரைபடத்தைச் சுழற்றிப் பாருங்கள். புரதத்தில் இயல்பாக வலப்பக்கம் திருகியிருக்கும் ஆல்ஃபா சுருள்கள் இடப்பக்கமாகத் திருகியிருந்தால் உங்களுக்குக் கிடைத்திருப்பது கண்ணாடிப் பிம்பம். இரு தோற்றங்களும் ஒரே படங்களுக்குச் சமமாகப் பொருந்துவதால் கணினியால் அதைப் பிரித்தறிய இயலாது. ரிலையானின் படக் கையாளல் கட்டளையால் கைத்திசையைத் திருப்பிவிட்டு, அதன்பிறகு அணு மாதிரியைப் பொருத்தத் தொடங்குங்கள்.