பாறைக் கோளில் முரட்டு நுண்ணுயிர் வளருமா? கூகுள் ஷீட்ஸில் கணக்குப் போடலாம்

செம்பவாங் வெந்நீர் ஊற்றில் தண்ணீர் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் மேலே வருகிறது. முட்டை வேகும் அந்தச் சூட்டில் செழித்து வளரும் நுண்ணுயிர்கள் பூமியில் உண்டு. அப்படிப்பட்டவை வேற்று விண்மீன்களின் பாறைக் கோள்களிலும் வளருமா? அதைத் தோராயமாகச் சோதிக்கத் தொலைநோக்கி வேண்டாம், சிங்கப்பூரின் வெளிச்சம் நிறைந்த இரவு வானமும் தடையில்லை. மடிக்கணினி போதும்.

முதலில் நாசா எக்ஸோபிளானட் ஆர்க்கைவ் தளத்தில், ஒரு கோளுக்கு ஒரே வரிசை தரும் தொகுப்பு அட்டவணையை சிஎஸ்வி கோப்பாக இறக்கி, கூகுள் ஷீட்ஸில் திறங்கள். பைதான் தெரிந்தவர்களுக்கும் தொடக்கத்தில் ஷீட்ஸையே சொல்வேன். ஒவ்வொரு எண்ணும் கண்ணில் படும். ஆரம், நிறை, கோள் பெறும் ஒளி ஆகிய மூன்றும் போதும். ஆரம் பூமியைப்போல் 1.6 மடங்குக்குள் இருப்பவற்றை மட்டும் வடிகட்டுங்கள். அதற்கு மேலே போனால் பெரும்பாலும் தடித்த வாயுப் போர்வை இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அளக்கப்படாத ஆரத்தை இந்த அட்டவணை நிறையிலிருந்து கணித்து நிரப்பிவிடும். 2016இல் அறிவிக்கப்பட்ட பிராக்சிமா செண்டாரி பி கோளுக்கு நமக்குத் தெரிந்தது குறைந்தபட்ச நிறைதான், ஆரத்தை யாரும் அளக்கவில்லை. அப்படிப்பட்ட வரிசைகளுக்கு மஞ்சள் நிறம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது வெப்பநிலை. நேரம் பிடிப்பது இந்த இடத்தில்தான். அட்டவணையிலேயே சமநிலை வெப்பநிலை, அதாவது பெறும் ஒளியையும் திருப்பியனுப்பும் ஒளியையும் மட்டும் வைத்துக் கணித்த சூடு, இருக்கும். ஆனால் கோள் எவ்வளவு ஒளியைத் திருப்பியனுப்பும் என்று ஒவ்வோர் ஆய்வுக்குழுவும் ஒவ்வொரு மாதிரி வைத்துக்கொள்ளும். அதனால் நாமே கணக்கிடுவோம். பூமி பெறும் ஒளியை 1 என்று வையுங்கள். 1இலிருந்து எதிரொளிப்பைக் கழித்து, பெறும் ஒளியால் பெருக்கி, இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, 278.5 ஆல் பெருக்குங்கள். விடை கெல்வினில் வரும், 273 கழித்தால் டிகிரி செல்சியஸ்.

பூமிக்கு எதிரொளிப்பு 0.3, விடை 255 கெல்வின், அதாவது மைனஸ் 18 டிகிரி. உண்மையான சராசரியோ 15 டிகிரி. வெள்ளிக்கு ஒளி 1.91, எதிரொளிப்பு 0.76 என்று போட்டால் 229 வருகிறது. பூமியைவிடக் குளிர்! ஆனால் அங்கே தரை 464 டிகிரியில் கொதிக்கிறது. அப்புறம் டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனைச் சுற்றும் டிராப்பிஸ்ட்-1 இ கோளுக்கு ஒளி 0.65, எதிரொளிப்பு 0.3 என்று போடுங்கள். அதற்கும் 229தான். ஒரே விடை வரும் இரண்டு கோள்களில் ஒன்று உலை என்பது நிச்சயம். மற்றதைப் பற்றி இந்த எண் ஒன்றுமே சொல்லவில்லை. இது காற்றுமண்டலத்தைக் கணக்கில் எடுக்காத வெப்பநிலை. ஆகவே பக்கத்தில் மூன்று நெடுவரிசைகள் சேர்த்து 0, 33, 500 டிகிரி கூட்டிப் பாருங்கள். 0 என்றால் காற்றே இல்லை, 33 என்பது பூமியின் காற்றுமண்டலம் தரும் கூடுதல் சூடு, 500 ஏறக்குறைய வெள்ளியினுடையது.

சரி, நுண்ணுயிர் வளரும் வெப்பநிலையின் எல்லைகள் என்ன? கீழே மைனஸ் 15: பிளானோகாக்கஸ் ஹாலோகிரையோஃபிலஸ் அந்தக் குளிரில் வளர்கிறது. மேலே 122: மெத்தனோபைரஸ் கேண்ட்லெரி, உயர் அழுத்தத்தில். டிராப்பிஸ்ட்-1 இ கோளுக்கு 33 கூட்டினால் மைனஸ் 11. உப்புநீர் இருந்தால் தேறிவிடும். நீர்க்கரடி என்ற நுண்விலங்கை மட்டும் அளவுகோலாக எடுக்காதீர்கள். அது விண்வெளியில் தாக்குப்பிடித்தது உறங்கிய நிலையில்தான். நமக்கு வேண்டியது வளர்ச்சி.

பூமியோடு ஒப்பிட்டு மதிப்பெண் தரும் குறியீடுகளை நான் பயன்படுத்துவதில்லை. நாம் தேடுவது பூமியின் நகலை அல்ல.

கடைசி நெடுவரிசை, காற்று: உண்டு, இல்லை, தெரியாது. டிராப்பிஸ்ட்-1 பி கோளின் பகல் பக்கம் ஏறக்குறைய 500 கெல்வின் என்று 2023இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அளந்தது. சூடு இரவுப் பக்கம் பரவவில்லை, தடித்த காற்று இருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலான வரிசைகளில் 'தெரியாது' என்றே வரும். அப்படியே விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

பின்சேர்க்கை: பிராக்சிமா, டிராப்பிஸ்ட்-1 போன்ற சிறிய, மங்கிய செங்குள்ள விண்மீன்கள் கக்கும் கதிர்வீச்சு எல்லாவற்றையும் அழித்துவிடாதா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. கிரே என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு, மனிதருக்கு 5 கிரே அளவே உயிராபத்து. டீனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்ற பாக்டீரியா 5000 கிரேயைத் தாங்கும். அதோடு, தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில் 2.8 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு பாக்டீரியா, பாறையின் கதிரியக்கம் உண்டாக்கும் வேதிப்பொருள்களைக் கொண்டே வாழ்கிறது. ஆழத்தில் விண்மீனின் கதிர்வீச்சும் எட்டாது, சூடும் கூடும். ஆகவே மேற்பரப்புக் குளிர் என்று ஒதுக்கிய வரிசைகளை அழிக்காமல், 'நிலத்தடி' என்று தனித் தாளில் சேர்த்து வையுங்கள்.